டிவி வாங்கக் கிளம்பும் முன் சுவரை அளங்கள்: மலையோர வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேரள எல்லை மலையூரான வண்டிப்பெரியாரில் இருந்துகொண்டு டிவி வாங்குவது என்றால், எந்தப் பக்கம் மலையிறங்குவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். குமுளி வழியாக இறங்கினால் தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூர், கம்பம், தேனி. குட்டிக்கானம் வழியாக இறங்கினால் கேரளப் பக்கம் முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி, கோட்டயம். எந்தப் பக்கம் போனாலும் கடையில் காட்டுவது ஒன்றுதான். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி. அந்தக் கிளியில் மயங்கி வாங்கிவந்து வீட்டில் மாட்டினால், சாயங்காலச் செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு உருகியதுபோல் இருக்கும்.

சொந்தக்காரர்கள், பக்கத்து லயத்துக்காரர்கள் (எஸ்டேட் வரிசை வீட்டுக்காரர்கள்) என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு டிவி பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு சரியாக அமையவில்லை. அந்த இரண்டு தடவையும் வீட்டைப் பார்க்காமல் நேராகக் கடைக்குப் போயிருந்தேன். அதனால் இந்த வழிகாட்டியில் கடை வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

சுவரும் உட்காரும் இடமும்

அளவு டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிவி வரப்போகும் சுவரில் கதவு, ஜன்னல், அலமாரி, சாமி படம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டிவி இஞ்ச் கணக்கு மூலைக்கு மூலை குறுக்கே அளப்பது. அகலத்தைச் சொல்லாது. 32 இஞ்ச் டிவியின் திரை ஏறத்தாழ 71 செ.மீ. அகலம். 43 இஞ்ச் என்றால் 95 செ.மீ., 50 இஞ்ச் 111, 55 இஞ்ச் 122, 65 இஞ்ச் 144. சட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதல். மேசையில் வைப்பதானால் கால்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதையும் பாருங்கள். இப்போது வரும் பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருப்பதால், பழைய டிவி நின்ற ஸ்டாண்டில் புதியது நிற்காது.

அடுத்து தூரம். திரையிலிருந்து, வழக்கமாக உட்காருபவரின் கண் வரை அளங்கள். எதிர்ச் சுவர் வரை அளக்காதீர்கள், யாரும் சுவருக்குள் உட்காருவதில்லை. கட்டிலோ நாற்காலியோ போட்டபின் 10 அடி அறையில் ஏழு அடிதான் மிஞ்சும். திரையின் இஞ்ச் அளவை 1.6 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால், நல்ல படத்துக்கு வசதியான தூரம் அடிக்கணக்கில் கிடைக்கும். 32 இஞ்சுக்கு நாலே கால் அடி, 43க்கு ஐந்தே முக்கால், 50க்கு ஆறே முக்கால், 55க்கு ஏழே கால், 65க்கு எட்டே முக்கால் அடி.

இந்தக் கணக்குப்படி ஏழு அடி தூரத்துக்கு 50 இஞ்ச் தாராளமாகப் போகும். ஆனால் ‘நல்ல படத்துக்கு’ என்று சொன்னேன் அல்லவா, சிக்கலே அங்கேதான்.

வீட்டுக்குள் படம் எப்படி வருகிறது?

கடைக்காரர் கேட்காத கேள்வி இது. உங்கள் வீட்டில் தினமும் ஓடுவது என்ன? அம்மாவுக்கு இரண்டு சீரியல், அப்பாவுக்குச் செய்தி, பிள்ளைகளுக்கு யூடியூப், பக்கத்து வீட்டு சேட்டன் வந்தால் ஒரு மலையாளப் படம். இதில் சீரியலும் செய்தியும் கேபிளிலோ டிஷ்ஷிலோ வந்தால், உங்கள் பெட்டி எச்டி பெட்டியா சாதாரணப் பெட்டியா என்று திருப்பிப் பாருங்கள்.

சாதாரண சேனலின் படத்தில் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. அதாவது, வருகிற ஒவ்வொரு புள்ளியையும் டிவி தானாக ஊகித்து இருபதாக ஊத வேண்டும். விலை கூடிய டிவி இதை ஓரளவு நாசூக்காகச் செய்யும், மலிவான டிவி மாவு பிசைந்ததுபோல் செய்யும். திரை பெரிதாகப் பெரிதாக அந்தப் பிசைவு நன்றாகத் தெரியும். என் சித்தி வீட்டில் 55 இஞ்ச் வாங்கிவிட்டு, பழைய கேபிள் பெட்டியையே மாட்டிக்கொண்டு, ‘பழைய டிவியே தெளிவா இருந்துச்சு’ என்று ஆறு மாதம் புலம்பினார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். கோளாறு டிவியில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், பெட்டியை எச்டியாக மாற்றியதும் புலம்பல் நின்றது.

ஆகவே டிவி பட்ஜெட்டில் எச்டி பெட்டிக்கும் எச்டி சேனல்களுக்குமான காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் 43 இஞ்சுக்கு மேல் போகாதீர்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இங்குள்ள கேபிள்காரர் தரும் தொகுப்பில் மலையாளச் சேனல்கள் நிறையவும் தமிழ்ச் சேனல்கள் கொஞ்சமும் இருக்கலாம். டிஷ் வைத்தால் நாம் கேட்கும் தமிழ்த் தொகுப்பைப் போட்டுக்கொள்ளலாம், தேவையான மலையாளச் சேனலைத் தனியாகச் சேர்க்கலாம். டிஷ் பார்க்க வேண்டிய செயற்கைக்கோள்கள் நமக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உயரத்தில் இருப்பதால் மலை மறைப்பது குறைவு. சில்வர் ஓக் மரம்தான் மறைக்கும். ஜூன், ஜூலை அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடையும், அதற்கு எந்த டிவி வாங்கினாலும் தீர்வு கிடையாது.

இன்டர்நெட்டில் பார்ப்பவர்கள் வேகத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஃபுல் எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி 4கே டிவி வாங்குபவர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஜிபி வரை போகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி டேட்டா முதல் பாட்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும் என்று சொன்னால் மிகை, ஆனால் இடைவேளை வரை தாங்காது.

எத்தனை இஞ்ச்?

மேலே உள்ள இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பதில் தானாக வரும். லயத்து வீட்டுக்கும் சிறிய வாடகை வீட்டுக்கும் 43 என்பது என் கணக்கு. தனி ஹால் உள்ள வீட்டில், எட்டடி தள்ளி உட்கார்ந்து, எச்டி சேனலும் ஃபைபர் இன்டர்நெட்டும் இருந்தால் 55 வரை போகலாம். 32 இஞ்ச் படுக்கையறைக்கும், ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் வீட்டுக்கும் போதும்.

முன்பெல்லாம் 32க்கும் 43க்கும் இடையே வரியிலேயே ஒரு பள்ளம் இருந்தது. 32 இஞ்ச் வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 28. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் 18 சதவீதம்தான். ‘பெரிசு வாங்கினா வரி ஜாஸ்தி’ என்று இன்னும் யாராவது சொன்னால் அது பழைய கதை.

4கே என்ற பெயரில் நடக்கும் கூத்து

43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையை ஐந்தரை, ஆறு அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளி தெரியாது. அந்தத் தூரத்தில் 4கே தரும் கூடுதல் தெளிவு மிகச் சிறிது. அப்படியானால் 43இல் 4கே எதற்கு? நல்ல கம்பெனிகள் தங்கள் நல்ல பேனலையும் (திரை), படத்தைச் சீராக்கும் நல்ல பிராசஸரையும் பெரும்பாலும் 4கே மாடலில்தான் போடுகின்றன. அதற்காக வாங்கலாம். 32 இஞ்சில் 4கே தேடி அலைய வேண்டாம், ஃபுல் எச்டி கிடைத்தால் போதும். 32 இஞ்சில் பல மாடல்கள் ‘எச்டி ரெடி’ என்று 1366க்கு 768 புள்ளியோடு வருகின்றன. சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஃபுல் எச்டி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

இனி கூத்துக்கு வருகிறேன். பெயர் தெரியாத பிராண்டுகள் அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் ‘சப்போர்ட்’ என்று போடும். 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும், திரையில் காட்டுவதோ எச்டி ரெடி அளவில். என் மச்சான் ஒருவர் இப்படி 40 இஞ்ச் ஒன்றை ‘ஃபேக்டரி விலை’ என்று வண்டியில் வைத்து விற்றவரிடம் வாங்கினார். கேட்க வேண்டிய வார்த்தை ‘பேனல் ரெசல்யூஷன் என்ன’ என்பது மட்டும்தான். 3840 x 2160 என்று பெட்டியிலும் பில்லிலும் இருக்க வேண்டும். கூடவே டிவியின் பின்பக்க லேபிளில் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனியின் பதிவு என்று வந்துவிடும். மச்சானின் டிவியில் லேபிளே இல்லை.

பேனல்: எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி

எல்இடி என்று விற்பது எல்லாம் எல்சிடி திரைதான், பின்னால் எல்இடி விளக்கு எரிகிறது. க்யூஎல்இடி என்பதும் அதே எல்சிடி திரை, நடுவில் நிறத்தைச் சுத்தமாக்கும் ஒரு படலம் கூடுதல். மினி எல்இடி என்றால் பின்விளக்குகள் பொடிப்பொடியாக நிறைய இருக்கும், இருட்டான பகுதியில் மட்டும் அணைத்துக்கொள்ளும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் உண்மையான கறுப்பு. விலையும் அதற்கேற்ற மாதிரி. ஒரே படம் நாளெல்லாம் நின்றால் அதில் தழும்பு விழும் வாய்ப்பு உண்டு. காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடியை நான் சொல்ல மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்றை விளம்பரம் சொல்வதில்லை. எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு சாதி. விஏவில் இருட்டுக் காட்சி அழுத்தமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் எந்தப் பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது, ஆனால் விளக்கணைத்துப் பார்த்தால் கறுப்பு சாம்பல் நிறத்தில் தெரியும். சின்ன அறையில் ஆறு பேர் கட்டிலிலும் தரையிலும் வாசல்படியிலும் உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் ஐபிஎஸ் நல்லது. நேர் எதிரே உட்கார்ந்து இரவில் படம் பார்க்கும் இருவருக்கு விஏ. எந்தப் பேனல் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது, கேட்டுப் பயனில்லை. டிவியின் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். முகங்கள் வெளுத்தால் விஏ.

எச்டிஆர், டால்பி விஷன் என்றெல்லாம் பெட்டியில் இருக்கும், வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அழுத்தமாகக் காட்டும் முறைகள். அவை பிரகாசம் நிறைய உள்ள டிவியில்தான் அழகு காட்டும். 250, 300 நிட்ஸ் (பிரகாச அளவு) மட்டுமே தரும் மலிவு டிவி எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்ளும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ‘மோஷன் ரேட் 240’ மாதிரி எண்களை விட்டுத்தள்ளுங்கள், பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்ற கணக்கு) 60ஆ 120ஆ என்பதை மட்டும் கேளுங்கள். வீட்டில் கேம் கன்சோல் விளையாடும் பையன் இல்லை என்றால் 60 போதும்.

தகரக் கூரையும் சத்தமும்

எங்கள் பக்கம் மழை பெய்தால் தகர ஷீட்டில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மெல்லிய டிவியின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கி, 20 வாட் அளவில் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது வாயசைப்பு நாடகம்தான். ஆகவே 50 இஞ்சுக்கு ஆசைப்பட்டு இருக்கும் காசையெல்லாம் போடுவதைவிட, 43 வாங்கி மிச்சத்தில் ஒரு சவுண்ட்பார் (நீளமான தனி ஸ்பீக்கர்) வாங்குவதே என் யோசனை. அதற்கு டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை இருக்க வேண்டும். அந்த ஒரே கேபிளில் சத்தம் வெளியே போகும், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

துளைகளைப் பற்றிச் சுருக்கமாக: எச்டிஎம்ஐ மூன்று, யுஎஸ்பி இரண்டு இருந்தால் நல்லது. பழைய மூன்று நிற ஒயர் பெட்டி வைத்திருப்பவர்கள் ஏவி துளை இருக்கிறதா என்று கேளுங்கள், பல மாடல்களில் அதற்குத் தனி ஒயர் பெட்டிக்குள் வரும்.

ஸ்மார்ட் என்றால் எவ்வளவு ஸ்மார்ட்

கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் என்று டிவிக்குள் ஓடும் சாஃப்ட்வேர் எதுவானாலும் யூடியூபும் பெரிய ஓடிடிகளும் ஓடும். நீங்கள் பார்க்கும் மலையாள, தமிழ்ச் செயலிகள் அதில் உண்டா என்பதைக் கடையிலேயே தேடிப் பாருங்கள். ரேம் குறைந்தது 2 ஜிபி. ஒன்றரை, ஒன்று என்றால் இரண்டாம் வருடமே ரிமோட்டை அமுக்கிவிட்டு டீ போட்டுக்கொண்டு வரலாம். உள் சேமிப்பு 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ஸ்மார்ட் பகுதி மெதுவானாலும் டிவியைத் தூக்கிப் போடாதீர்கள். எச்டிஎம்ஐயில் மாட்டும் ஸ்டிக் ஒன்று சில ஆயிரத்தில் அதைப் புதிதாக்கிவிடும். இதனால்தான் பேனலுக்குக் காசு கொடுங்கள், சாஃப்ட்வேருக்குக் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

வைஃபை 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்க வேண்டும். ஆனால் கருங்கல் சுவர் கட்டிய பழைய வீடுகளில் அது அடுத்த அறைக்குப் போகாது. ரவுட்டர் வேறு அறையில் இருந்தால் 2.4இல் போடுங்கள், அல்லது லேன் ஒயர் இழுங்கள். லேன் ஒயர் என்றதும் இடி ஞாபகம் வருகிறது.

கரண்டும் இடியும்

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எங்கள் வீட்டு முதல் எல்இடி டிவியைக் கொன்றது இடி. அன்று மத்தியானமே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தோம். கேபிள் ஒயரை மட்டும் கழற்றவில்லை. போஸ்ட் கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கிவரும் அந்த ஒயர் வழியாக வந்து பெட்டியையும், பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவியின் போர்டையும் எரித்துவிட்டது. வாரன்டியில் இடி சேராது, மின்னழுத்தக் கோளாறும் பெரும்பாலும் சேராது. பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

கேரளத்தில் கோடைமழைக் காலத்திலும் துலாவர்ஷத்திலும் (ஐப்பசி மழை) இடி அதிகம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருக்கச் சொல்லி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவிப்புக் கொடுக்கும். சீரியல் நேரமும் அதேதான், என்ன செய்வது! வானம் இருண்டதும் மூன்றைக் கழற்றுங்கள்: கரண்ட் பிளக், கேபிள் அல்லது டிஷ் ஒயர், லேன் ஒயர். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை இடி ஒரு பொருட்டாக மதிக்காது. ஆனால் இடி தலைக்குமேல் வந்தபின் ஒயரைத் தொடாதீர்கள். டிவி போனால் போகட்டும். ஃபைபரில் கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது. இருந்தாலும் அந்த மோடத்தின் அடாப்டரும் அதிலிருந்து டிவிக்குப் போகும் லேன் ஒயரும் செம்புதான்.

ஸ்டெபிலைசர் தேவையா? டிவியின் பின்பக்க லேபிளில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால், குறைந்த வோல்டேஜை அது தானே சமாளிக்கும். ஆபத்து வோல்டேஜ் கூடும்போதுதான், காற்றில் மரம் விழுந்து ஒயர்கள் உரசி, போன கரண்ட் படீரென்று திரும்பும் அந்த நொடி. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது காசு செலவில்லாத பாதுகாப்பு. கூடவே சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று கூடும் வோல்டேஜைத் தடுப்பது) உள்ள நல்ல பிளக் பட்டை ஒன்று. அது வேலை செய்ய மூன்றாவது பின்னுக்கு எர்த் இருக்க வேண்டும். பழைய லயங்களில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். டிவி வாங்கும் முன்னே செய்ய வேண்டிய செலவு இது.

மாதச் செலவுக் கணக்கு: 43 இஞ்ச் டிவி 100 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்து மணி நேரம் என்றால் அரை யூனிட். இரண்டு மாத பில்லில் 30 யூனிட். தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊரில் இருக்கும் அத்தைக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம், அவர்கள் இதைப் பெரிதாக யோசிக்க வேண்டாம். கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) பில் கட்டும் நாம் ஸ்டார் லேபிளைப் பார்க்கத்தான் வேண்டும். ஒரே அளவில் இரண்டு மாடலை ஒப்பிடும்போது, லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதை ஒப்பிடுங்கள், நட்சத்திரத்தை எண்ணுவதைவிட அது தெளிவு.

எந்தப் பக்கம் இறங்குவது?

விலையைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான். சலுகைக் காலம்தான் மாறும். தேனிப் பக்கம் ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும். கோட்டயம் பக்கம் ஓணம். ஆடி முடிந்து கொஞ்ச நாளில் ஓணம் வந்துவிடுவதால், எல்லையில் இருக்கும் நமக்கு இரண்டு விலையையும் கேட்டு ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறைக்கும் யோகம் உண்டு. நான் அதைக் கூச்சமில்லாமல் செய்வேன்.

விலையைவிட சர்வீஸ்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் பில் போட்டு வாங்கிய டிவிக்கு எந்த மாநிலத்திலும் வாரன்டி செல்லும். ஆள் வருவாரா என்பது வேறு விஷயம். தேனியில் வாங்கிய டிவிக்குக் கோளாறு பதிந்தால், முகவரி கேரளம் என்பதால் இந்தப் பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போகும். அவர்கள் ‘எஸ்டேட் உள்ளே வண்டி வராது, ரோட்டுக்குக் கொண்டுவாங்க’ என்பார்கள். எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்து, ஜீப் பிடித்து டிவியை ரோட்டுக்குக் கொண்டுபோய், மழையில் கடைத்திண்ணையில் வைத்துப் பிரித்தார்கள். ஆகவே வாங்கும் முன், அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு ஆள் வருமா, எந்த ஊரிலிருந்து வரும் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதி பிராண்டுகள் கழிந்துவிடும். ஆன்லைனில் வாங்குபவர்களும் இதையேதான் கேட்க வேண்டும், டெலிவரி உண்டா என்பதோடு மாட்டித்தர ஆள் உண்டா என்பதையும்.

வாரன்டியில் பேனலுக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேளுங்கள். பேனல் போனால் மாற்றுகிற செலவு கிட்டத்தட்ட புது டிவி விலை. கூடுதல் வாரன்டி வாங்குவதானால் அதைத் தருவது கம்பெனியா, கடையா, மூன்றாவது ஆளா என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் பென் டிரைவோடு

கிளியை நிறுத்தச் சொல்லிவிட்டு உங்கள் பென் டிரைவைக் கொடுங்கள். அதில் மூன்று துண்டு வீடியோ போதும். கீழே எழுத்து ஓடும் செய்தி ஒன்று, சாதாரணத் தரத்தில். இரவில் நடக்கும் ஒரு படக்காட்சி. பகல் நேர கிரிக்கெட் அல்லது பந்து விளையாட்டு. ஓடும் எழுத்து கலங்கினால் தெரியும். இருட்டில் முகம் காணாமல் போனால் தெரியும். புல்தரை பச்சை பெயின்ட் அடித்ததுபோல் இருந்தால் தெரியும்.

ரிமோட்டைக் கேட்டு வாங்கி, பட அமைப்பை ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’கிலிருந்து ‘ஸ்டாண்டர்ட்’, பிறகு ‘சினிமா’வுக்கு மாற்றிப் பாருங்கள். கடையில் வைத்திருப்பது ட்யூப்லைட் வெளிச்சத்தோடு போட்டி போடும் அமைப்பு, வீட்டில் அதை வைத்தால் கண் எரியும். உங்கள் வீட்டு தூரத்தை, உங்கள் வீட்டில் அளந்ததையே, கடைத்தரையில் எட்டு வைத்து அங்கிருந்து பாருங்கள். பத்து நிமிடம் நிற்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

மலையேற்றுவதும் மாட்டுவதும்

டிவிப் பெட்டியைப் படுக்கப் போடக்கூடாது. நின்றபடியே வர வேண்டும். குமுளி வளைவுகளில் ஜீப்பின் பின்னால் படுக்க வைத்து, மேலே அரிசி மூட்டையையும் வைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. திரை உள்ளே நூல் பிடித்ததுபோல் விரிசல் விட்டிருக்கும். பெட்டியைக் கம்பெனி ஆள் முன்னால்தான் பிரிக்க வேண்டும், பிரிப்பதைப் போனில் வீடியோ எடுங்கள்.

மாட்டும் சுவர் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவராக இருக்க வேண்டாம். ஆடி மாதத்தில் அது உள்பக்கமும் வியர்க்கும். வேறு வழியில்லை என்றால் ஒரு பலகையை அடித்து, அதன்மேல் டிவியை மாட்டி, பின்னால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மண் வைத்துக் கட்டிய கல்சுவரில் சாதாரண பிளாஸ்டிக் கட்டை நிற்காது, மேசையில் வைத்துவிடுவது உத்தமம். 43 இஞ்ச் டிவி எட்டு கிலோ போலத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகள் பிடித்து இழுத்தால் கணக்கு வேறு. மழைக்காலத்தில் யாரும் பார்க்காவிட்டாலும் தினம் அரைமணி நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. பின்பக்கத் துளைகளில் பல்லியும் எறும்பும் குடியேறும், மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். திரையில் தண்ணீரோ கண்ணாடி துடைக்கும் திரவமோ தெளிக்க வேண்டாம்.

முதல் நாள் இரவு

வாங்கிய அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறங்களைத் திரை முழுக்க ஓடவிட்டு, செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா பாருங்கள். யூடியூபில் அதற்கான வீடியோக்கள் கிடைக்கும். அப்புறம் பட அமைப்பை ‘சினிமா’வில் வையுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். ‘மோஷன் ஸ்மூத்திங்’ மாதிரி எதுவும் இருந்தால் அணையுங்கள், படம் சீரியல் போலத் தெரிவதற்கு அதுதான் காரணம். தொடக்கத்தில் நிறைய ‘ஒப்புக்கொள்கிறேன்’ கேட்கும். நீங்கள் பார்ப்பதைக் கவனித்து விளம்பரம் காட்ட அனுமதி கேட்பதை மட்டும் மறுத்துவிடலாம், டிவி வழக்கம்போல் ஓடும்.

பில்லையும், பின்பக்க லேபிளில் உள்ள சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். டிவியைச் சுவரில் மாட்டிய பிறகு அந்த லேபிளைப் படிக்க முடியாது.

பழைய டிவி குண்டு டிவியாக இருந்தால் அதை உடைக்காதீர்கள், ஓடையில் போடாதீர்கள். அந்தக் கண்ணாடிக் குழலில் ஈயம் இருக்கிறது. மாதாமாதம் வீட்டுக்குக் கழிவு எடுக்க வரும் ஹரித கர்ம சேனைக்காரர்களிடம் மின்கழிவு எப்போது எடுப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். அதுவரை அது ஒரு மூலையில் இருக்கட்டும், எங்கள் வீட்டில் இப்போதைக்கு அதன்மேல்தான் சவுண்ட்பார் உட்கார்ந்திருக்கிறது.